ரேங்கிங்கை மூடிவிட்டு மாட்யூல் பட்டியலைத் திறங்கள்

ஏப்ரல், மே வந்துவிட்டால் இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அண்ணா, வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்க மூணு ஆஃபர் வந்திருக்கு, எதை எடுக்கட்டும்?" கூடவே அந்தப் பல்கலைக்கழகங்களின் மூன்று ரேங்கிங் எண்களும் வரும். கோர்ஸில் என்னென்ன பாடம், அதாவது மாட்யூல், என்று திருப்பிக் கேட்டால் அநேகமாகப் பதில் இருக்காது.

கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழக ரேங்கிங் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண் கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பிலிருந்து வருகிறது. வேலை கொடுப்பவர்களிடம் எடுப்பதற்கு இன்னொரு 15 சதவீதம். ஆக, பாதிக்குக் கொஞ்சம் குறைவானது பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதுதான். மருத்துவத் துறையின் புகழும் அதில் சேர்ந்தே இருக்கும். கம்ப்யூட்டர் படிக்கப் போகும் உங்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடம் நடத்தப்போவது யார், எப்படி நடத்துவார் என்று அந்த எண் சொல்லாது. மாமா கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், சரி.

கோர்ஸின் பெயர் இன்னும் குழப்பும், குறிப்பாக பிரிட்டனில். லண்டன் யூசிஎல்லில் 'எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்பது வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கானது. இம்பீரியல் காலேஜின் 'எம்எஸ்சி கம்ப்யூட்டிங்' அதே ரகம்; கம்ப்யூட்டர் படித்துவிட்டு வருபவர்களுக்கு அங்கே 'அட்வான்ஸ்டு கம்ப்யூட்டிங்' தனியாக இருக்கிறது. இந்த வகைக்கு கன்வர்ஷன் கோர்ஸ் என்று பெயர். எல்லாப் பல்கலைக்கழகமும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லும் என்று நம்பிவிடாதீர்கள். நான்கு வருடம் சிஎஸ்இ படித்த பிள்ளை, வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கிப் போய், அங்கே முதல் டெர்மில் மறுபடியும் ஃபார் லூப் எழுதுவது கொடுமை. ஒரு வருடக் கோர்ஸில் முதல் டெர்ம் போனால் மிச்சம் எவ்வளவு?

மெக்கானிக்கல், சிவில் முடித்து கம்ப்யூட்டர் பக்கம் வர நினைப்பவருக்கு அதே கோர்ஸ் வரம். ஆனால் ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸ் இன்ஃபர்மேட்டிக்ஸுக்கு (அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அதுதான் பெயர்) போட்டால், இளநிலையில் கணிதம், அல்காரிதம், தியரி எல்லாம் எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்தால் சிஜிபிஏ 9 இருந்தாலும் கதவு திறப்பது கஷ்டம்.

ஜெர்மனி பற்றி கன்சல்டன்சியில் ஏன் அதிகம் பேசுவதில்லை என்று சிலர் கேட்கிறார்கள். உங்களிடம் காசு வாங்காமல் வழிகாட்டுபவருக்கு, நீங்கள் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக அந்த வழக்கம் இல்லை. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

அதற்காக ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது என்று கிளம்பிவிட வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதலே வெளிநாட்டு மாணவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. ஒரு வருடச் செலவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கிய வங்கிக் கணக்கில் போடும் 11,904 யூரோ வேறு. அது உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் திரும்பி வரும் பணம் என்றாலும், விசாவுக்கு முன்னாலேயே கையில் இருக்க வேண்டும்.

விசா விதியை மட்டும் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் படிப்புக்குப் பின் தங்க இரண்டு வருடம் என்றார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம்தான். அதாவது 2026 செப்டம்பரில் ஒரு வருடக் கோர்ஸில் சேர்பவருக்கே அந்த இரண்டு வருடம் இல்லை. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் எச்1பி என்ற வேலை விசாவுக்கான புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். அங்கேயே படித்து மாணவர் விசாவிலிருந்து மாறுபவருக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் எத்தனை வீட்டில் தூக்கம் போயிருக்கும்! விதி நீங்கள் படித்து முடிப்பதற்குள் மாறலாம். படித்த பாடம் மாறாது.

ஆகவே மாட்யூல் பட்டியலைத் திறங்கள். எது கட்டாயம், எது விருப்பப்பாடம், தீசிஸ் உண்டா, அதற்கு கைடை நீங்களே தேடிக்கொள்ள வேண்டுமா என்று பாருங்கள். பட்டியலில் இருக்கும் விருப்பப்பாடம் எல்லாம் ஒவ்வொரு வருடமும் நடக்காது. அதைப் போன வருடம் அந்தக் கோர்ஸில் இருந்தவரிடம் லிங்க்ட்இன்னில் கேளுங்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது நிச்சயம் அகப்படுவார்கள். அப்புறம், டெபாசிட் கட்டக் கடைசி நாள் என்று கன்சல்டன்சி நெருக்கினால், அட்மிஷன் ஆபீசுக்கு நீங்களே மெயில் போட்டு ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். விசா மறுத்தால் டெபாசிட் திரும்ப வருமா என்றும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் ஆஃபரைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.