மக்காச்சோளத்துக்கு யார் பொறுப்பு?

(அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், லான்காஸ்டர் மாவட்டம். நவீன வசதிகள் பலவற்றை விலக்கி எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாத தச்சர் ஒருவரை, வாடகை வேன் ஓட்டுநர் காலை வேலைக்கு அழைத்துச் செல்கிறார்.)

ஓட்டுநர்: பெரியவரே, உங்கள் மாவட்டத்தில் எடுத்த ‘விட்னஸ்’ படத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். 1985இல் வந்தது, இரண்டு ஆஸ்கர் விருது வாங்கியது.

தச்சர்: படம் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லையே, தம்பி. கதையைச் சொல்லுங்கள், அதைக் கேட்பதில் தவறில்லை.

ஓட்டுநர்: ஃபிலடெல்பியா ரயில் நிலையக் கழிப்பறையில் நடக்கும் கொலையை ஆமிஷ் சிறுவன் ஒருவன் பார்த்துவிடுகிறான். கொன்றவர்களே போலீஸ்காரர்கள் என்று கண்டுபிடிக்கும் அதிகாரி, குண்டடி பட்டு, அந்தச் சிறுவனின் பண்ணைக்கு வந்து, உங்களைப் போலவே உடுத்திக்கொண்டு ஒளிந்திருக்கிறார்.

தச்சர்: தாடி வைத்திருந்தாரா?

ஓட்டுநர்: இல்லை, மழமழவென்று மழித்த முகம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.

தச்சர்: எங்களில் மணமான ஆண்கள்தாம் தாடி வளர்ப்பார்கள். நாற்பது வயதில் தாடியில்லாமல் ஒருவர் நடமாடினால், போலீஸ் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஊரிலுள்ள அத்தைமார் கண்டுபிடித்துப் பெண் பார்க்கத் தொடங்கியிருப்பார்களே!

ஓட்டுநர்: தொலைபேசியே இல்லாத ஊர் என்பதால்தான் திகில் படக்காரர்களுக்கு உங்களைப் பிடித்துவிடுகிறது. ஆபத்தென்றால் யாரையும் அழைக்க முடியாது பாருங்கள்.

தச்சர்: வீட்டுக்குள் வைப்பதில்லையே தவிர, எங்கள் வயலோரத்து மரக்கூண்டில் ஒன்று இருக்கிறது. நேற்று மாலை அதிலிருந்து பேசித்தானே உங்கள் வேனை வரச் சொன்னேன்?

ஓட்டுநர்: (சற்றுத் தயங்கி) அது போகட்டும். ஊரே கூடி ஒரே நாளில் பெரிய மரக் கொட்டகையை எழுப்புகிற காட்சி ஒன்று உண்டு. பின்னணியில் சின்தசைசர் இசை பொங்கிவர, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

தச்சர்: சின்தசைசர் என்றால்?

ஓட்டுநர்: மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவி.

தச்சர்: கம்பி வழி மின்சாரமே வேண்டாமென்று இருக்கிற எங்களுக்கா? சரி, அடித்தளம் போட்டு, உத்தரங்களை அறுத்து, துளையிட்டு, எது எங்கே பொருந்தும் என்று குறித்து வைக்கும் முன்வேலையைக் காட்டினார்களா?

ஓட்டுநர்: இல்லை, அதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். அந்தப் படம் வாங்கிய ஆஸ்கரில் ஒன்று படத்தொகுப்புக்குத்தான்.

தச்சர்: வெட்டியதற்கே விருதா! கெட்டவர்கள் என்ன ஆனார்கள்?

ஓட்டுநர்: மூன்று பேர் துப்பாக்கியுடன் பண்ணைக்கு வருகிறார்கள். ஒருவனை நாயகன் தானியக் கோபுரத்துக்குள் சிக்கவைத்து, மேலிருந்து மக்காச்சோளத்தைக் கொட்டி மூச்சுமுட்டச் செய்கிறார். இரண்டாமவனைச் சுட்டுவிடுகிறார்.

தச்சர்: ஐயோ பாவம். அந்த மக்காச்சோளத்தை அப்புறம் மாட்டுக்குப் போட முடியாதே, அதற்கு யார் பொறுப்பு? மூன்றாமவன்?

ஓட்டுநர்: சிறுவன் ஓடிப்போய்ப் பண்ணை மணியை அடிக்கிறான், வயல்களிலிருந்து அக்கம்பக்கத்தார் எல்லாரும் வெறுங்கையோடு வந்து சூழ்ந்து நிற்கிறார்கள். இத்தனை சாட்சிகளையும் சுட முடியாது என்று புரிந்து அவன் சரணடைகிறான்.

தச்சர்: மணியை முதலிலேயே அடித்திருந்தால் மக்காச்சோளமாவது மிஞ்சியிருக்குமே!

ஓட்டுநர்: படம் பத்து நிமிடம் முன்பே முடிந்திருக்கும். இன்னொன்று கேளுங்கள்: போலீஸ்காரராக நடித்த ஹாரிசன் ஃபோர்டு, நடிப்பில் பேர் வாங்குவதற்கு முன் பிழைப்புக்குத் தச்சு வேலை செய்தவர்.

தச்சர்: அப்படியா! எங்கள் ஆளாக நடித்தவர் யார்?

ஓட்டுநர்: முக்கியமான ஒருவர் ரஷ்யாவிலிருந்து வந்த பாலே நடனக் கலைஞர்.

தச்சர்: உளி பிடிக்கத் தெரிந்தவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, ஆடத் தெரிந்தவரையா ஆமிஷ் ஆக்கினார்கள்? வண்டியை இங்கேயே நிறுத்துங்கள், வேலையிடம் வந்துவிட்டது. அந்த ஃபோர்டு இன்னும் தச்சு மறக்கவில்லையென்றால், வியாழக்கிழமை கொட்டகை எழுப்புகிறோம், ஆறு மணிக்கு வரச்சொல்லுங்கள். சுத்தியல் அவருடையது, சாப்பாடு எங்களுடையது.