மத்தியானக் கரண்டை அணைக்கச் சொல்லும் கொள்கை

மின்சாரச் சட்டத் திருத்தம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இலங்கை மின்சார சபையைப் பிரிப்பது சரியா பிழையா, கம்பனி நான்கா பன்னிரண்டா, நாளைக்குத் தனியாருக்குப் போகுமா போகாதா என்று. எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிற நமக்கு இவற்றைவிட நேரடியாக வந்து முட்டுகிற விசயம் ஒன்று இருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நம் கூரைச் சோலாரில் விளைகிற கரண்டை என்ன செய்வது? இதை நம் பக்கத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கரண்டை அணைத்து வைக்கச் சொல்வது பிழையான வழி. மத்தியானத்தில் அதைப் பாவிக்கும்படி விலையைக் குறைக்க வேண்டும். மிச்சத்தை இரவுக்குச் சேர்த்துவைக்கச் சிறிய வீட்டுக்காரருக்கும் வசதி செய்து கொடுக்க வேண்டும். இது இரண்டும் நடக்காமல் கம்பனிகளின் பெயரை மாற்றுவதால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற ஒரு வீட்டுக்கு எந்த வித்தியாசமும் தெரியப் போவதில்லை.

நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டது என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். அந்தக் குரங்கு உலகம் முழுக்கச் செய்தியானது, உண்மையான பலவீனம் பேச்சில் அடிபட்டுப் போனது. ஞாயிறு என்றால் தொழிற்சாலையும் கந்தோரும் பூட்டு. பாவனை குறைவு, வெயிலோ உச்சம். அந்த நேரத்து மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு சூரியனிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அதில் என்ன பிரச்சினை என்று கேட்பவர்களுக்காக: நீர்மின் நிலையத்திலும் நிலக்கரி நிலையத்திலும் கனமான சுழலிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 50 ஹேர்ட்ஸ் என்கிற அதிர்வெண்ணைச் சட்டென்று விழவிடாமல் பிடித்து வைப்பது அந்தக் கனம்தான். நெல் மூட்டை ஏற்றிய வண்டில் சின்னக் கல்லில் ஏறினாலும் போய்க்கொண்டே இருக்கும், வெறும் வண்டில் துள்ளும். சோலார் தகட்டின் கரண்டை லைனுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற சாதாரண இன்வேர்ட்டரில் அந்தக் கனம் கிடையாது. ஆகவே ஓரிடத்தில் பட்ட அடி முழு வலையமைப்பையும் சாய்த்தது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் நின்றது. அது திரும்பி வர நாட்கள் எடுத்தன, அடுத்த இரண்டு நாட்களும் நாடு முழுக்க ஒன்றரை மணி நேர வெட்டு.

ஆகவே பொறியியலாளர்கள் சொல்கிற கவலை பொய்யில்லை. அதை நான் மறுக்க வரவில்லை. சோலார் எதிரிகள் சதி செய்கிறார்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் கோபம் அதற்குப் பிறகு எடுக்கப்பட்ட வழியில் இருக்கிறது. அந்த வருசம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. விரும்பினால் செய்யுங்கள் என்ற வேண்டுகோள்தான். ஒரு தடவை, அவசரத்துக்கு என்றால் சரி. ஆனால் பாவனை குறைகிற ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் இதே கதைதான் வரும். ஏனென்றால் கூரைகள் கூடிக்கொண்டே போகின்றன, சேமிப்பு கூடவில்லை.

அணைக்கச் சொல்லி யாரும் அறிவிக்காமலே அணைகிற கதையும் இருக்கிறது. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். மண் கொதிக்கும், முருங்கை இலைகூட வாடித் தொங்கும். லைன் கடைசியில் இருக்கிற வீட்டில், சுவரில் மாட்டிய இன்வேர்ட்டரின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் வோல்ட்டேஜ் 238, 241, 244 என்று ஏறும். 230 வோல்ட்டுக்கு மேலேயும் கீழேயும் 6 சதவீதம் வரைதான் விதியில் இடம். ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரம், கம்பி மெல்லிசு, அதே லைனில் ஐந்தாறு கூரைகள் ஒரே நேரத்தில் தள்ளுகின்றன. எல்லை தாண்டியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், பச்சை லைட் போய்ச் சிவப்பு வரும். கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வரும், திரும்பக் கட் ஆகும். நல்ல வெயில் கொளுத்துகிற நேரத்தில் இது. இப்படிப் போகிற யுனிட்டுகளுக்கு யாரும் காசு தருவதில்லை. மாத முடிவில் மீற்றர் வாசிப்பில் அவை இருக்கவும் மாட்டாது.

இந்த வீடுகள் யாருடையவை? பெரும் பணக்காரருடையவை என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. கொழும்பில் எப்படியோ தெரியாது. இங்கே ஆசிரியர்கள், ஓய்வூதியக்காரர்கள், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற அம்மாக்கள், கடை வைத்திருப்பவர்கள்தான் அதிகம். சம்பளத்தைக் காட்டி வங்கிக் கடன் எடுத்துப் போட்டவர்கள். 2016 இல் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியபோது முதல் ஏழு வருசம் யுனிட்டுக்கு 22 ரூபா, அதன் பிறகு 15.50 என்று இருபது வருச ஒப்பந்தம். ஆரம்பத்தில் நம்பி இறங்கினவர்கள் இப்போது அந்த 15.50 க்கு வந்துவிட்டார்கள். இடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விலை 37 ரூபா வரை போனது, 2024 இல் 27 ஆனது, 2025 இல் சிறிய கூரைகளுக்கு 20.90 ஆனது. உபகரண விலை இறங்கியதால் இதையும் இறக்குகிறோம் என்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பொதுமக்களின் லைட் பில்லிலிருந்துதானே அந்தக் காசும் போகிறது? ஆனால் 5 கிலோவாட் கூரை நல்ல வெயிலில் நாளுக்கு 20 யுனிட்டைச் சுற்றித் தரும் என்று கணக்குப் போட்டுக் கடன் எடுத்த ஒருவருக்கு, கட் ஆகிற மத்தியானங்களும் அணைக்கச் சொல்கிற விடுமுறைகளும் அந்தக் கணக்கில் இருக்கவில்லை. தவணை மட்டும் மாதா மாதம் அப்படியே இருக்கிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை பற்றறியிலிருந்து வலையமைப்புக்குக் கொடுத்தால் யுனிட்டுக்கு 45 ரூபாவுக்கு மேல் தருவதாக 2025 இல் முடிவானது. பகல் விலையின் இரண்டு மடங்கைவிடக் கூட. நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன். அந்த நான்கு மணி நேரம்தான் நாடே லைட்டைப் போட்டு, சோறு ஆக்கி, மோட்டர் போடுகிற நேரம். டீசலும் உலை எண்ணெயும் எரித்துத்தான் அந்த நேரத்தைச் சமாளிக்கிறார்கள். ஆனால் பற்றறி வாங்க யாரிடம் காசு இருக்கிறது? பழைய இன்வேர்ட்டரைக் கழற்றி, பற்றறியோடும் வேலை செய்கிற ஹைபிரிட் இன்வேர்ட்டர் போட வேண்டும், அதற்கு மேல் பற்றறி. முதல் கடனே முடியாதவருக்கு இரண்டாவது கடன் எந்த வங்கி கொடுக்கும்? சலுகை வட்டியில், சிறிய கூரைகளுக்கு என்று ஒதுக்கிய கடன் இல்லாவிட்டால் அந்த 45 ரூபாவும் பெரிய முதலீட்டுக்காரரின் கைக்குத்தான் போய்ச் சேரும்.

பெரிய பற்றறிகளுக்கும் திட்டம் இருக்கிறது. 10 மெகாவாட் வீதம் பதினாறு இடங்களில், மொத்தம் 160 மெகாவாட், நான்கு மணி நேரம் கொடுக்கக்கூடியவை என்று கேள்விமனு கோரினார்கள். மிஞ்சுகிற கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவையான நேரம் கீழே விட்டுக் கரண்ட் எடுக்கிற 600 மெகாவாட் மகா ஓயா நீரேற்றுத் திட்டம் பற்றியும் பேசுகிறார்கள். (நம் அம்பாறை மஹாஓயா என்று நினைத்துவிடாதீர்கள், இது கேகாலைப் பக்கம் அரநாயக்கவில்.) அது வந்து சேரப் பல வருசம் ஆகும். நம் பக்கத்திலேயோ பக்கத்து எல்லையிலேயோ வருகிற பெரிய சோலார்களைப் பாருங்கள்: சம்பூரில் 120 மெகாவாட்டுக்கு 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது தொடக்கி வைத்தார்கள், சியம்பலாண்டுவையில் 100 மெகாவாட். சம்பூரில் முன்பு வரவிருந்தது நிலக்கரி, அது 2016 இல் கைவிடப்பட்டது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல். ஆனால் இவை எல்லாமே சேர்ந்து அதே பன்னிரண்டு மணிக்குத்தான் தள்ளப் போகின்றன. பெரியவர்களுக்கு வழிவிடச் சின்னக் கூரைகள் அணைய வேண்டும் என்று ஒரு நாள் வந்துவிடக்கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிற விசயம். இதற்குப் பற்றறிகூடத் தேவையில்லை.

சம்மாந்துறையில் ரைஸ் மில் வைத்திருக்கிற காக்கா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவரோடு அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். அறுவடைக் காலத்தில் அவருக்கு மில் ஓய்வதில்லை. "தம்பி, ராவு பத்தரைக்குப் பிறகு போட்டாத்தான் கரண்ட் கட்டுப்படியாகும்" என்றார். நித்திரை முழித்து, ஆளுக்கு இரவுக் கூலி கொடுத்து ஓட்டுகிறார். ஏனென்றால் தொழில் மீற்றருக்கு நாளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மாலை ஆறரை முதல் பத்தரை வரை ஆகக் கூடிய விலை, பகலுக்கு நடு விலை, இரவு பத்தரை முதல் அதிகாலை ஐந்தரை வரை ஆகக் குறைந்த விலை. இது பழைய காலத்துக் கணக்கு. இரவில் நிலக்கரி நிலையத்தை அணைக்க முடியாது, ஆகவே அந்தக் கரண்டை மலிவாகத் தள்ளிவிடு என்ற கணக்கு. அந்தக் காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். கூரைச் சோலார் மட்டும் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்ட இந்தக் காலத்தில், மில்காரரை இரவில் நிலக்கரிக் கரண்டில் நெல் குத்த வைத்துவிட்டு, அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் மத்தியானச் சோலாரை நிறுத்து என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

காலை பத்து முதல் மூன்று வரை யுனிட் விலையை இரவு விலையைவிடக் குறைத்துப் பாருங்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்று மில்கள் பகலுக்கு மாறும். வாழைச்சேனையில் மீனுக்கு ஐஸ் அடிப்பவர்கள் பகலில் அடித்து வைப்பார்கள், ஐஸ் என்பதே குளிரைச் சேர்த்து வைக்கிற பொருள்தானே. மருதமுனையில் மின்தறி ஓடும். தண்ணீர் வழங்கலின் பெரிய பம்புகள் பகலில் தொட்டியை நிரப்பும். வீடுகளிலும் கிணற்று மோட்டரையும் அயனையும் மத்தியானத்துக்குத் தள்ளுவார்கள், நம் சனத்துக்கு லைட் பில் கணக்கு நன்றாகவே தெரியும். வீட்டு மீற்றரில் நேரம் பிரித்துப் பார்க்கும் வசதி வேண்டும் என்பது உண்மை. முதலில் மில்லிலும் ஐஸ் பெக்டரியிலும் தொடங்கலாம், அங்கே அந்த மீற்றர் ஏற்கெனவே இருக்கிறது.

நாம் லைன் கடைசியில் இருக்கிறவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அம்பாறையில் 11 மெகாவாட் அளவிலான இங்கினியாகலை நீர்மின் நிலையம் இருக்கிறது. அது சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும்போதுதான் ஓடும். மற்றபடி நமக்கு வருகிற கரண்ட் மலைநாட்டிலிருந்தும் ஹபரணைப் பக்கமிருந்தும் காடும் மலையும் கடந்து வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது ரந்தெம்பே - மஹியங்கனை உயர் அழுத்தப் பாதையில் ஏற்பட்ட கோளாறு நம்மை இருட்டில் போட்டது. வெள்ளம் ஒரு பக்கம், போனில் சார்ஜ் இல்லை, சொந்தக்காரர் எங்கே என்று தெரியாது. கூரையில் சோலார் இருந்த வீடுகளும் மற்ற வீடுகளைப் போல இருட்டில்தான் கிடந்தன. ஏனென்றால் லைனில் கரண்ட் இல்லாவிட்டால் சாதாரண இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஊழியரின் உயிரைக் காக்க அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஊருக்கு ஒரு பாடசாலை, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பொது மண்டபத்திலாவது பற்றறியோடு ஹைபிரிட் சோலார் இருந்திருந்தால்? இன்சுலினை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஈரத் துணியில் சுற்றிப் பானைக்குள் வைத்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். 1978 புயலைப் பார்த்த ஊர் இது. அடுத்த புயலும் வரும். பற்றறிக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் கிழக்குக் கரையைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சட்டத்துக்கு வருகிறேன். 1969 இல் உருவான சபையை 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் பன்னிரண்டாகப் பிரிக்கப் பார்த்தது. 2025 ஓகஸ்ட்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், உற்பத்தி, கடத்தல், வினியோகம், முறைமை இயக்கம் (முழு வலையமைப்பையும் சமநிலையில் ஓட்டுவது) என்று நான்கு பிரதான கம்பனிகளாக்கி, நான்கையும் முழுமையாக அரசின் கையில் வைத்தது. எனக்கு அதில் பெரிய எதிர்ப்பு இல்லை. அரசின் கையில் இருப்பது நல்லது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வோல்ட்டேஜ் ஏறி என் கூரை கட் ஆனால் யார் பொறுப்பு? வினியோகக் கம்பனியா, முறைமை இயக்குநரா? முன்பு ஒரே கந்தோர். இனி ஒருவர் மற்றவரைக் கை காட்டினால் களுவாஞ்சிகுடியிலிருந்து எத்தனை கதவைத் தட்டுவது? அதுவும் தமிழில் எழுதிய கடிதத்தோடு?

கட்டணத் திருத்தம் வரும்போதெல்லாம் அதை அனுமதிக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது, எழுத்திலும் நேரிலும். கேட்டுவிட்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். 2025 ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை அதே ஆணைக்குழு மறுத்தது. ஆகவே எழுதினால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த தடவை நான் தமிழில் மூன்று விசயம் எழுதப் போகிறேன்: பத்து முதல் மூன்று வரை மலிவு விலை, சிறிய கூரைகளுக்குப் பற்றறிக் கடன், வோல்ட்டேஜ் ஏறிக் கட் ஆகிற லைன்களுக்குக் கம்பியும் ட்ரான்ஸ்போமரும் மாற்றுவதற்கு ஒரு திகதி. மில் வைத்திருப்பவர்கள், ஐஸ் அடிப்பவர்கள், கூரையில் சோலார் போட்டவர்கள் உங்கள் பில்லையும் இன்வேர்ட்டர் திரையையும் போட்டோ எடுத்து வையுங்கள். எழுத உதவி வேண்டுமானால் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்ந்தே எழுதுவோம்.