50 டாலர் கட்டினால் வாடகை வவுச்சரா? உண்மை விளக்கம்

“அமெரிக்கக் கிராமப்புற கவுண்டியில் இருப்பவர்கள் 50 டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் போதும், இரண்டே வாரத்தில் செக்‌ஷன் 8 வாடகை வவுச்சர்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பொய்.

செக்‌ஷன் 8 என்பது குறைந்த வருமானக் குடும்பங்களின் வாடகையில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு கட்டும் திட்டம். இந்த வவுச்சருக்கு விண்ணப்பிக்கவோ காத்திருப்போர் பட்டியலில் சேரவோ கட்டணமே கிடையாது. (வீட்டுக்காரர் கிரெடிட் சோதனைக்கு (கடனை ஒழுங்காகக் கட்டியவரா என்று பார்க்க) கேட்கும் தொகை வேறு கதை.) வவுச்சர் தருவது உள்ளூர் பொது வீட்டுவசதி ஆணையம். இரண்டு வாரமாவது! பல ஊர்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; பட்டியலையே மூடிவைத்திருக்கும் இடங்களும் உண்டு.

கிராமப்புறத்துக்கென்றே வேறொரு வழி இருப்பதை அந்தச் செய்தி சொல்லவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் செக்‌ஷன் 515 கடனில் கட்டிய அடுக்ககங்கள் சிறு ஊர்களில் இருக்கின்றன. அங்கே வாடகை உதவி உள்ள வீடு கிடைத்தால், விதிப்படி கழிக்க வேண்டியதைக் கழித்த பின் மாத வருமானம் 1,000 டாலர் என்றால் வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து உங்கள் பங்கு சுமார் 300 டாலர், அதாவது 30 சதவீதம். எல்லா வீட்டுக்கும் இந்த உதவி இல்லை. அடுக்கக மேலாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

நம்மவர்கள் கவனிக்க: எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வவுச்சர் தகுதி கிடையாது. கிரீன் கார்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம். உள்ளூர் உதவி எங்கே என்று தெரியாவிட்டால் 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அழையுங்கள்.