ஆமாம், படம் பார்த்துத்தான் ரசிகையானேன்

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருவர் என்னைக் கேலி செய்து போட்ட பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டை யாராவது ஒருவர் இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், 'பார்த்தீங்களா, உங்களைத்தான் சொல்றார்' என்று. பார்த்தேன். என்னைத்தான் சொல்கிறார். பெயர் போடாமல் விட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா? என் வரியை அப்படியே வெட்டி ஒட்டி, பக்கத்தில் நாலு சிரிப்புப் பொம்மை வைத்து, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' புத்தகத்தில் ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர்கள் எல்லாம் இன்று அதை எழுதிய டோல்கீனின் ரசிகர்கள் என்று ஒரு அங்கலாய்ப்பு. கீழே நூற்றுக்கும் மேல் சிரிப்பு.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நான் என்னை டோல்கீன் ரசிகை என்று எங்கேயும் எழுதவில்லை. மோதிரத்தை அழிக்கப் போகும் ஃப்ரோடோவை அவன் தோழன் சாம் தோளில் போட்டுக்கொண்டு மலையேறும் இடத்தில் இத்தனையாவது தடவையும் அழுதேன் என்று எழுதினேன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் ரசிகை என்று எழுதினேன். 'படங்களின்' என்ற சொல் அந்த ஸ்க்ரீன்ஷாட்டிலேயே இருக்கிறது. ஆயிரம் பக்கத்தை வரி வரியாகப் படித்தவர்களுக்கு அந்த ஒரு சொல் கண்ணில் படவில்லை.

அதனால் இன்னொரு முறை, நிதானமாகவே சொல்லிவிடுகிறேன். நான் படம் வழியாக வந்தவள். படம் பார்த்துத்தான் ரசிகையானேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எப்படி வந்தேன் என்பது இங்கே சிலருக்குத்தான் தெரியும். முதல் படம் 2001-இல் வந்தது, மூன்றாவது 2003-இல். அப்போதெல்லாம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கூரான காது, நீளத் தாடி, வாள், மோதிரம். பெரியவர்கள் பார்க்கிற சமாச்சாரமா இது என்று வாய்விட்டே சொன்னவள். பைத்தியமாக இருந்தது அண்ணன்தான். எனக்கும் அவனுக்கும் ஒரு வீட்டு விஷயத்தில் முட்டிக்கொண்டு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த விஷயம் இங்கே வேண்டாம். அப்புறம் அவன் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, என் வீட்டுக்கு வந்தான். ஆறு வாரம் கூடத்தில் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தபடியே கிடந்தான். 'மருந்து', 'தண்ணி', 'லைட்டை அணை'. எங்கள் உரையாடல் அவ்வளவுதான்.

பொழுது போக அவன் இந்தப் படத்தைப் போட்டான். நான் குறுக்கே நடந்துகொண்டிருந்தேன். முதல் படத்தின் தொடக்கத்தில் மந்திரவாதி கேண்டால்ஃபும், ஹாபிட் என்ற குள்ள இனத்து ஃப்ரோடோவும் ஒரு குதிரை வண்டியில் அருகருகே உட்கார்ந்து வருவார்கள் இல்லையா, அந்தக் காட்சி ஓடியது. நின்றுவிட்டேன். 'அந்தப் பையன் நிஜமாவே அவ்வளவு குள்ளமா?' என்று கேட்டேன். இரண்டு வருடத்தில் அவனிடம் நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

அவன் படத்தை நிறுத்தினான். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே வைத்தான். அதே அளவில் இன்னொரு பாட்டிலை என் கையில் கொடுத்து, நாலடி பின்னால் போய்ப் பிடிக்கச் சொன்னான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அப்புறம் என்னை அவன் இடத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னான். ஒரு பாட்டில் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், இரண்டும் ஒட்டி நிற்பது போலத் தெரிந்தது. 'இதேதான். ரெண்டு பேரும் பக்கத்துல உட்காரவே இல்ல. அந்தப் பையன் பின்னாடி தள்ளி உட்கார்ந்திருக்கான். வண்டியையே அதுக்கு ஏத்தமாதிரி செஞ்சிருக்காங்க' என்றான். கம்ப்யூட்டர் மாயம் எதுவும் இல்லை. தூரமும் ஒரு கண்ணும் போதும்.

அன்று ராத்திரி முதல் படத்தை முழுசாகப் பார்த்தேன். அந்த வாரத்துக்குள் மூன்றையும் முடித்தேன், அதுவும் நீட்டித்த பதிப்பு, 11 மணி நேரத்துக்கும் மேல். அதன் பிறகு, படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்று டிவிடியில் கூடவே வரும் அந்த முடிவில்லாத பின்னணிப் படங்கள். உண்மையைச் சொன்னால், என்னை ரசிகையாக்கியது அந்தப் பின்னணிப் படங்கள்தான்.

சங்கிலிக் கவசம் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கையால் கோத்திருக்கிறார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வளையங்கள். கோத்துக் கோத்து, அந்த வேலை பார்த்தவர்களின் விரல் ரேகையே தேய்ந்துபோனதாம். தியோடன் மன்னரின் கவசத்தைப் பாருங்கள், இல்லை, பார்க்க முடியாது, அதுதான் விஷயம். மார்புக் கவசத்தின் உள்பக்கத்திலும் வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். கேமரா ஒரு நாளும் உள்ளே போகாது. போட்டுக்கொள்ளும் நடிகர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தன்னை மன்னர் என்று நம்புவதற்காக, யாருக்கும் தெரியாத இடத்தில் யாரோ உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் நான் விழுந்தேன். மயிர்க்கூச்செறிந்தது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். வரிசையில் நிற்கிறார்கள், தெரியும்.

'மகனே படத்தை ஏற்கவில்லையே?' ஆமாம், ஏற்கவில்லை. டோல்கீனின் மகன் கிறிஸ்டோஃபர் டோல்கீன் 2012-இல் கொடுத்த பேட்டியில் இந்தப் படங்களைக் கடுமையாகவே சாடினார், இளவட்டங்களுக்கான சண்டைப் படமாக்கிவிட்டார்கள் என்று. அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளோடு வாழ்க்கை முழுக்க உழைத்தவர் அவர். அவருக்கு அந்தக் கோபத்துக்கு முழு உரிமை உண்டு, நான் வாயே திறக்கமாட்டேன். ஆனால் உங்களுக்கு எப்போது அந்த வாரிசுரிமை வந்தது சார்?

அந்தப் பக்கம் அவர் என்றால் இந்தப் பக்கம் கிறிஸ்டோஃபர் லீ. தீய மந்திரவாதி சாருமானாக நடித்தவர். வருடத்துக்கு ஒருமுறை அந்தப் புத்தகத்தைப் படித்துவந்தவர். நடிகர் கூட்டத்திலேயே டோல்கீனை நேரில் சந்தித்த ஒரே ஆள். அவருக்கு அந்தப் படத்தில் நடிக்க மனது வந்தது. எனக்கு அதைப் பார்த்து அழ மட்டும் தகுதி போதவில்லையாம்.

'டாம் பாம்படில் எங்கே? ஊர் திரும்பியபின் ஷயரில் நடக்கும் சண்டை எங்கே?' புத்தகத்தில் வரும் அந்தப் பாத்திரமும், ஹாபிட்டுகளின் ஊரில் நடக்கும் அந்தச் சண்டையும் படத்தில் இல்லைதான். வெட்டிவிட்டார்கள். அது நஷ்டமாகவும் இருக்கலாம். சரி, அடுத்து.

'ஹாலிவுட் வியாபாரம்.' வியாபாரம்தான். புத்தகம் என்ன, இலவசமாகவா கொடுக்கிறார்கள்?

'உலகில் இவ்வளவு நடக்கும்போது குட்டிச்சாத்தான் கதைக்கு அழுகையா?' இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. டோல்கீன் முதல் உலகப் போரில், 1916-இல், பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பதுங்குகுழியில் கிடந்தவர். நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் பறிகொடுத்தவர். இரண்டாம் படத்தில் சதுப்பு நிலத் தண்ணீருக்கு அடியில் செத்த முகங்கள் கண் திறந்து கிடக்குமே, அந்த இடத்துக்கு சோம் போருக்குப் பின்னான வடக்கு பிரான்ஸ் ஓரளவு காரணம் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன்? அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வராமல் தேடித் தேடித்தான். படம் பார்த்ததால்தான் தேடினேன். மறுபடி சொல்கிறேன், படம் பார்த்ததால்தான்.

ஆஸ்கர் கணக்கை இழுக்க வேண்டாம் என்று நினைத்தேன். இருந்தாலும் இருக்கட்டும். 2004-இல் மூன்றாவது படத்துக்கு 11 பரிந்துரை, 11-உம் கிடைத்தது. (அதில் நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. சாமாக நடித்த ஷான் ஆஸ்டினுக்கு இல்லை என்பதில் எனக்குத் தனிக் கோபம் உண்டு, அது வேறு பதிவு.) விருது வாங்கியதால் நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று எங்களைப் பேசுகிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் சும்மா இல்லை. நியூசிலாந்தின் வெலிங்டனில் கிரிக்கெட் பார்க்க வந்தவர்களைத்தான் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் கத்தவைத்துப் பதிவு செய்தார். இரண்டாம் படத்தில் எதிரிகளான உருக்-ஹாய் படை போடும் கூச்சலில் அந்த ஸ்டேடியம் இருக்கிறது. அத்தனை ஆயிரம் பேரில் எத்தனை பேர் புத்தகம் படித்திருப்பார்கள் என்று யாரும் வாசலில் நின்று கேட்கவில்லை.

சரி. இவ்வளவு நேரம் நியாயம் பேசினேன். எனக்குச் சுருக்கென்று தைத்தது இது எதுவுமே இல்லை.

அந்தப் பதிவை எழுதியவரிடம்தான் நான் ஆரம்பத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் கால் சரியாகிப் போய்விட்டான், வீட்டில் பேச ஆள் இல்லை. 'ஃபாராமிர் ஏன் ஃப்ரோடோவையும் சாமையும் இழுத்துட்டுப் போறான், அவன் நல்லவன்தானே?' என்று இவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். சலிக்காமல் பதில் போடுவார். அந்தப் படைத்தலைவன் ஃபாராமிருக்குப் புத்தகத்தில் மோதிரத்தின் மேல் ஆசையே இல்லை, அவர்களை அவனே போகவிட்டுவிடுவான், படத்தில்தான் மாற்றிவிட்டார்கள் என்று நாலு மெசேஜ் நீளத்துக்கு விளக்கினார். 'நல்ல கேள்வி' என்று வேறு சொன்னார். அந்த 'நல்ல கேள்வி'யை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். அப்போதும் நான் புத்தகம் படிக்காதவள்தானே? அது அவருக்கு அப்போதே தெரியும்தானே? கேள்வி கேட்கும்வரை நல்ல மாணவி, தானாக ஒரு வரி எழுதினால் கேலிப்பொருளா?

'ஒரு நகைச்சுவையைத் தாங்க முடியலையா' என்று நேற்று ஒருவர் கேட்டார். தாங்க முடியவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தங்கையே வந்து கமெண்டில் போடுவாள். போன வருடம் அவள் இதன் முன்கதையான 'ஹாபிட்' படங்கள் மூன்றையும் பார்த்துவிட்டு ஆசையாக வந்து பேசினாள். நான், 'அதெல்லாம் ஒரு படமா, அதைப் பார்த்துட்டு வந்து இங்க பேசாதே' என்றேன். அவள் முகம் சுண்டியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் அது வீட்டுக்குள், ஒருத்தியிடம், ஒரு வரி. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊருக்குக் காட்டவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் வரவேண்டாம். (ஒன்றுதானோ என்று நேற்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அவளுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.)

புத்தகம் வீட்டில் இருக்கிறது, அதுவும் உங்களுக்குத் தெரியட்டும். அண்ணன் கொடுத்தது. ஐம்பது பக்கம் தாண்டியிருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. முடிப்பேனா தெரியாது. முடித்தால் வந்து இங்கே அறிவிக்கமாட்டேன். முடிக்காவிட்டாலும் நான் ரசிகைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான். இரண்டாம் படத்தின் முறை. எரிந்த பிணக்குவியலைப் பார்த்து, ஹாபிட்டுகள் செத்துவிட்டார்கள் என்று நினைத்து வீரன் அரகோர்ன் அங்கே கிடக்கும் தலைக்கவசத்தை எட்டி உதைத்துவிட்டு மண்டியிட்டுக் கத்துவான். அப்போது அண்ணன் என் பக்கம் திரும்பி, 'இந்த ஷாட்ல அந்த நடிகருக்கு நிஜமாவே கால்விரல் உடைஞ்சிருச்சு, தெரியுமா? அந்தக் கத்தல் நிஜம்' என்பான். ஒவ்வொரு தடவையும் சொல்வான். அவனுக்கு நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்ற கணக்கே கிடையாது.

'அப்படியா!' என்பேன்.