கம்பத்தில் ஒன்று, குமுளியில் மூன்று

"கம்பத்துல ஒரு பல்லுக்குத்தான் வேலைன்னாங்க, குமுளியில மூணுங்கிறாங்க. யாரை நம்புறது?"

தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து எல்லை தாண்டிக் கேரளத்துக் குமுளிக்கு, லோயர் கேம்ப் தாண்டி மலையேறுகிற ஜீப்பில் இந்தப் பேச்சு வந்தால் பக்கத்து சீட்டு உடனே தீர்ப்பு எழுதிவிடும்: மூணுன்னவன் கொள்ளைக்காரன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று பல்லில் சொத்தை என்ற டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். ஒன்று என்றவர் எக்ஸ்ரே எடுக்காமலே சொல்லியிருக்கவும் கூடும்.

இரண்டு கடைவாய்ப் பல் ஒட்டி நிற்கிற இடத்தில் தொடங்கும் சொத்தை, கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு பைட்விங் என்று ஒரு சின்ன எக்ஸ்ரே, கடித்தபடி எடுப்பது. தாடை முழுவதும் விழும் பெரிய ஓபிஜி படத்தில் ஆரம்பச் சொத்தை சரியாகப் பிடிபடாது. பைட்விங்கில் பல்லின் வெள்ளை ஓரத்தில் முக்கோணமாக ஒரு கறுப்பு நிழல் விழும். அது பல்லின் வெளி ஓடான எனாமலுக்குள்ளேயே நின்றிருந்தால் துளை போடத் தேவையில்லை. ஃபுளூரைடு வார்னிஷ், ராத்திரியும் ஒருமுறை துலக்குவது, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து இன்னொரு படம், அவ்வளவுதான். அதற்கு அடியிலுள்ள டென்டினுக்குள் இறங்கி குழியும் விழுந்துவிட்டால் அடைத்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நிழல்தான் சண்டைக்கு மூலம். அதை ஒருவர் "அடைச்சிருவோம்" என்பார், இன்னொருவர் "பார்ப்போம்" என்பார், இருவருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். எஸ்டேட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறைகூட இறங்கி வராத ஆளிடம் "பார்ப்போம்" சரிப்படாது என்று டாக்டர் நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

வெற்றிலைக் காவியைச் சொத்தை என்று சொல்லி அடைப்பது வேறு விஷயம். மேல்தளப் பள்ளத்தில் கறுப்புக் கோடு கெட்டியாக, பளபளவென்று இருந்து, படத்தில் அடியில் நிழலும் இல்லையென்றால் அது பெரும்பாலும் வெறும் கறைதான்.

அதிகம் சந்தேகப்படுவது ரூட் கெனாலைத்தான், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து, வேருக்குள் ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பதை. சில்லென்ற தண்ணீர் பட்டதும் சுளீரென்று கூசி, சில நொடியில் அடங்கினால் பல்கூழ் (பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும்) பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், அடைத்தால் போதும். கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, சூடான டீக்கு வலித்தாலோ, ஒன்றுமே செய்யாமல் நடுராத்திரியில் எழுப்பினாலோ கணக்கு மாறுகிறது, ரூட் கெனால் தேவைப்படலாம். ஆகவே ரூட் கெனால் என்று சொல்வதற்கு முன் டாக்டர் குளிர்ச்சி வைத்துப் பார்த்தாரா, பல்லைத் தட்டிப் பார்த்தாரா, வேர் நுனி தெரிகிற படம் எடுத்தாரா என்று கவனியுங்கள். மூன்றும் சேர்ந்து ஐந்து, பத்து நிமிட வேலை.

அவநம்பிக்கைக்குப் பாதிக் காரணம் நம் பக்கமும் உண்டு. விடியற்காலை ஜீப்பைப் பிடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு சிட்டிங்கும் ஒரு நாள் கூலி. முதல் சிட்டிங்கில் பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். வலி நின்றுவிடும். அப்புறம் யார் போவார்கள்? அந்தத் தற்காலிக அடைப்பு சில வாரம்தான் தாங்கும். ஓரத்தில் எச்சில் புகுந்து கிருமி மறுபடி உள்ளே போகும், கூரை இழந்த பல் ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது வேர்வரை பிளக்கும். அடுத்த டாக்டர் "புடுங்கணும்" என்றதும் பழி முதல் டாக்டர் தலையில்.

எல்லையில் இன்னொரு சிக்கல், பாதி வேலை அந்தப் பக்கம், மீதி இந்தப் பக்கம். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல்லில் சாதாரணமாக மூன்று கால்வாய், சிலருக்கு நான்கு. மேல்தாடையில் நான்காவது மெல்லிய கால்வாய் ஒளிந்திருந்து தவறிப்போவது ரொம்பச் சகஜம். எந்தக் கால்வாய் எத்தனை மில்லிமீட்டர், என்ன மருந்து வைத்தது என்று ஒரு துண்டுச்சீட்டு இருந்தால் அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார். இல்லையென்றால் முதலிலிருந்து அளக்க வேண்டும், அதற்கும் காசு. கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற எக்ஸ்ரேவை போனில் படம் பிடிக்கக் கேளுங்கள். முடிந்தபின் எடுக்கும் படத்தையும் சேர்த்து. அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும் கட்டாபெர்ச்சா (கால்வாயை நிரப்பும் ரப்பர் போன்ற பொருள்) வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றாலும் நுனியைத் தாண்டி வெளியே நீட்டினாலும் காரணம் கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிற டாக்டர் உண்டு. அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பல்லுக்கு மேலே மாட்டும் உறையான கேப் விஷயம் சுருக்கமாக. ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் வேண்டும், அதைப் பணம் பிடுங்கும் வேலை என்று தள்ளாதீர்கள். சின்னத் துளையோடு தப்பிய முன்பல்லுக்குப் பல நேரம் சாதாரண அடைப்பே போதும். 'லேசர் கேப்' என்றால் லேசர் சிகிச்சை இல்லை. உலோகத் தூளை லேசரால் உருக்கி உள்கூட்டைச் செய்திருக்கிறார்கள், அதுதான் பெயர்க்காரணம்.

சட்டமும் நம் பக்கம்தான். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது, என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி என்ன என்று சொல்லிவிட்டே செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொன்னது. மரத்துப்போக ஊசி போட்டபின் "பக்கத்துப் பல்லும் போயிருச்சு, சேர்த்துப் பண்ணிரலாமா" என்றால் "இன்னிக்கு வேண்டாம்" என்று தாராளமாகச் சொல்லலாம். கேரளத்தில் மருத்துவமனை, கிளினிக்குகளுக்கான 2018 சட்டப்படி கட்டணப் பட்டியலை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். குமுளியில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் தமிழ் மட்டும் படிக்கிறவர்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்கு யார் சொல்வது!

இரண்டாவது கருத்து கேட்கப் போனால் முதலாமவர் சொன்னதை முதலில் சொல்லாதீர்கள். எக்ஸ்ரேவையும் வாயையும் மட்டும் காட்டுங்கள். அவர் சொல்லி முடித்தபின் பழைய சீட்டை எடுத்து நீட்டி, ஏன் வித்தியாசம் என்று கேளுங்கள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்பவரைவிட, படத்தில் விரல் வைத்து "இந்த நிழலை அவர் இப்படி எடுத்திருக்கார், நான் இப்படி எடுக்கிறேன்" என்பவரிடம் பல்லைக் கொடுக்கலாம்.

ஒரே ஒரு நேரம் இதெல்லாம் செல்லாது. தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியவில்லையென்றால் கம்பமா குமுளியா என்று யோசிக்காதீர்கள். அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு, க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்காவது, வண்டி பிடியுங்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைத்துவிடும்.