கழிப்பறை கட்டியாச்சு, குழி நிறைந்தால் யார் பொறுப்பு?

புதிதாகக் கட்டிய கழிப்பறையை ரிப்பன் வெட்டித் திறக்கும் படம் எந்த நாட்டுச் செய்தியில் வந்தாலும் எனக்குள் எழுவது ஒரே கேள்விதான். இதன் குழி நிறைந்தால் யார் வந்து எடுப்பார்கள்? எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? இதற்கான பதிலை அந்த மாதிரிச் செய்திகளில் நான் பார்த்ததே இல்லை. எத்தனை கழிப்பறை கட்டினோம் என்ற கணக்கு மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். மலக்குழியைக் காலி செய்வதையும் அள்ளியதைச் சுத்திகரிப்பதையும் அந்தந்த வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு நகர நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. தெருவிளக்கு, குப்பை அள்ளுதல் போல இதுவும் நகராட்சியின் அன்றாட வேலையாக, பொதுப் பணத்தில் நடக்க வேண்டும். அது நடக்காதவரை ஏழைகள் வாழும் பகுதியில் கழிப்பறைகளைக் கட்டிக்கொண்டே போவதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 130 கிராம் மலமும் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சிறுநீரும் கழிக்கிறார். 50,000 பேர் நெருக்கியடித்து வாழும் ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஆறரை டன் மலம், 70,000 லிட்டர் சிறுநீர். கழுவி ஊற்றும் தண்ணீர் தனி. பணக்காரர்கள் வாழும் பகுதியில் இதெல்லாம் பாதாளச் சாக்கடையில் போய்விடும். ஏழைகள் வாழும் பகுதியில் இது குழிக்குள் விழுந்து அங்கேயே கிடக்கும். அப்புறம் மண்ணில் ஊறும், பக்கத்திலுள்ள அடிபம்புத் தண்ணீரில் கலக்கும், இல்லையென்றால் தெரு ஓரக் கால்வாயில் ஓடும்.

டாக்கா நகரத்தின் கணக்கைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உலக வங்கியின் நீர், துப்புரவுத் திட்டப் பிரிவு 2014 வாக்கில் வெளியிட்ட ஆய்வு அது. அங்கே ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ ஒரு கழிப்பறை இருந்தது. வெளியேறும் மலத்தில் சுத்திகரிக்கப்பட்டது வெறும் 2 சதவீதம். மிச்சம் 98 சதவீதமும் கால்வாயிலும் குளத்திலும் ஆற்றிலும். கழிப்பறைகளை மட்டும் எண்ணியிருந்தால் டாக்கா முழு வெற்றி என்றுதான் எழுதியிருப்பார்கள். 2015 வரை உலகமே அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அதன் பிறகு வந்த ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில்தான், மலம் போய்ச் சேரும் இடம்வரை பாதுகாப்பாகக் கையாளப்படுகிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வியை மாற்றியதும் விடையும் மாறியது. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் தந்த 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி திறந்த வெளியில் மலம் கழிப்பவர்கள் சுமார் 42 கோடிப் பேர். பாதுகாப்பாகக் கையாளும் வசதி கிடைக்காதவர்களோ 350 கோடிப் பேர்!

சரி, நெரிசலான ஒரு சந்தில் குழியைக் காலி செய்வது எப்படி நடக்கிறது? செப்டிக் டேங்க் லாரி அந்தச் சந்துக்குள் நுழையாது. குழாயை இழுத்து வந்தாலும் பல வீடுகளுக்கு எட்டாது. எட்டினாலும், குப்பை வண்டியே வராத பகுதி என்பதால் குழிக்குள் துணி, பிளாஸ்டிக் பை, பாட்டில், நாப்கின் எல்லாம் கிடக்கும்; குழாய் அடைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் அடியில் படிந்த கசடு இறுகிப்போய் எந்த மோட்டாருக்கும் வராது. கடைசியில் ஆள்தான் இறங்க வேண்டும். ராத்திரியில் வருவார்கள். மூடியிருக்கும் பலகையை உடைப்பார்கள். சில ஊர்களில் நாற்றத்தை அடக்க மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். ஒருவர் இடுப்பளவு கசடில் நின்று வாளியில் அள்ளிக் கொடுக்க, இன்னொருவர் மேலே நின்று கயிற்றால் இழுப்பார். பக்கத்தில் இடம் இருந்தால் வேறு குழி தோண்டி அதில் கொட்டி மூடுவார்கள். இல்லாவிட்டால் அருகிலிருக்கும் கால்வாய்தான்.

குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் அங்கேயே சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் செத்துப்போவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்தார்கள் என்று செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். மனிதர் மலம் அள்ளுவதற்கு எதிராக இந்தியாவில் 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சேர்த்து இன்னும் விரிவான சட்டம் வந்தது. இருந்தும் சாவு நிற்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தவர்கள் அந்தக் குழிக்குள் இறங்க வேண்டியிருக்கிறது என்பதும் மாறவில்லை. லாரி நுழையக்கூடிய வழியும் சின்ன இயந்திரமும் சம்பளமும் பாதுகாப்பும் கொடுக்காமல் தடையை மட்டும் போட்டால் வேலை ராத்திரிக்கு நகரும், அவ்வளவுதான். கையால் இயக்கும் கல்பர் பம்பு போன்ற எளிய கருவிகள் ஆப்பிரிக்க நகரங்களில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. மேலே நின்றபடியே கசடை இழுக்கலாம். இதை வாங்கிக் கொடுக்க எந்த நகராட்சிக்கும் வசதி இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மழை நாளில் சிலர் குழியின் பக்கவாட்டுக் குழாயைத் திறந்துவிட்டு வெள்ளத்தோடு கசடைப் போகவிடுகிறார்கள். அந்த வெள்ளம் தாழ்வான பகுதியில் இருக்கும் இன்னொரு ஏழை வீட்டுக்குள்தான் போகும். திறந்துவிடுபவர்களுக்கும் அது தெரியும். லாரிக்கு மொத்தமாகக் கொடுக்கப் பணம் இல்லாதபோது வேறு என்ன செய்வார்கள்? அவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுக்கும் தகுதி யாருக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

பணம் என்றதும் செனகல் நாட்டின் டாக்கார் பற்றி 2012இல் வந்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. சாக்கடைக் குழாய் வழியையும், லாரியில் மலக்கசடு எடுத்துச் சுத்திகரிக்கும் வழியையும் ஒப்பிட்டிருந்தார்கள். ஆளொன்றுக்கு ஆண்டுச் செலவு, குழாய் வழியில் கிட்டத்தட்ட 5 மடங்கு அதிகம். ஆனால் குழாய் இணைப்பு உள்ளவர்கள் அதில் சுமார் 6 சதவீதம்தான் கட்டினார்கள், மீதியைப் பொது நிறுவனம் ஏற்றுக்கொண்டது. குழி வைத்திருந்தவர்களோ தங்கள் செலவில் பெரும்பகுதியைச் சொந்தக் கையிலிருந்து கொடுத்தார்கள். விலை உயர்ந்த வசதிக்கு மானியம், மலிவான வசதிக்கு முழுக் கட்டணம். இந்த அநியாயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

பொதுக் கழிப்பறையிலும் இதே கதைதான். போகும்போதெல்லாம் காசு கொடுக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பம் என்ன செய்யும்? முதலில் குழந்தைகளைக் கால்வாய் ஓரம் உட்கார வைப்பார்கள். பெண்கள் இருட்டியபின் போக வேண்டியிருக்குமே என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லை, விளக்கு இல்லை, மாதவிடாய்த் துணியைப் போட ஒரு மூடிய தொட்டி இல்லை. அதனால் அது குழிக்குள் போகிறது. அதுவே பின்னர் குழாயை அடைக்கிறது, ஆளை உள்ளே இறக்குகிறது. ஒரு சின்னத் தொட்டி வைத்து வாரம் இருமுறை காலி செய்திருந்தால் போதும்.

பாகிஸ்தானின் கராச்சியில் ஏழைகள் வாழும் ஒரங்கி பகுதியில் 1980இல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் இதில் பெரிய பாடம். சந்து சந்தாக வீட்டுக்காரர்கள் கூடி, தங்களுக்குள் பணம் போட்டு, வீட்டுக் கழிப்பறையையும் சந்துக் குழாயையும் தாங்களே அமைத்தார்கள். பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான சந்துகள் இப்படி மாறின. மக்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள். சுத்திகரிப்பு என்ற அரசின் பங்குதான் பின்தங்கியது. ஏழைகளே செய்துகொள்வார்கள் என்று அரசு கைகழுவ ஒரங்கியை உதாரணம் காட்டுபவர்கள் இந்தப் பாதியை மறைத்துவிடுகிறார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான், அரசு வரைபடங்களில் இடம்பெறாத குடியிருப்புகளையும் கால்வாய்களையும் பொறுமையாக வரைபடமாக்கினார். 2013 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

வரைபடம் முக்கியம், அதில் இல்லாத குடியிருப்பைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்குவது எளிது. நிலத்துக்கு உரிமைப் பத்திரம் இல்லை, ஆகவே வசதி செய்து தர முடியாது என்பதுதான் நகர நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. 2010இல் ஐ.நா. பொதுச் சபை நீரையும் துப்புரவையும் மனித உரிமை என்று அறிவித்தபோது பத்திரம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று எழுதவில்லை. குடியிருப்பவர் வாடகைக்காரராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வீட்டுச் சொந்தக்காரர் வேறெங்கோ இருப்பார், குழியைப் பற்றி அவருக்குக் கவலை இருக்காது.

இதை மாற்ற வழி இல்லாமல் இல்லை. மணிலாவில் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்தே ஒரு தொகை வாங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பகுதிவாரியாகச் செப்டிக் டேங்க்குகளைக் காலி செய்கிறார்கள். மகாராஷ்டிராவின் வாய், சின்னர் என்ற சிறு நகரங்களிலும் முறை வைத்து வீடு வீடாக எடுக்கிறார்கள். நிறைந்து வழிந்தபின் ஆளைத் தேடி ஓட வேண்டியதில்லை, மொத்தமாகப் பணம் புரட்ட வேண்டியதில்லை. லாரி போகாத சந்துகளுக்குச் சின்ன வண்டியும் பம்பும், குழியே தோண்ட முடியாத இடங்களுக்கு ஹைட்டியின் கேப் ஹெய்ஷியனில் செய்வதுபோல கழிப்பறைக்குள் வைத்து வாரந்தோறும் மாற்றி எடுத்துப்போகும் மலக் கலன்களும் இதோடு சேர வேண்டும். அந்தச் செலவும் பொதுக் கணக்கில்தான் வர வேண்டும்.

அடுத்த முறை உங்கள் நகராட்சி நிதிநிலை அறிக்கை வரும்போது கழிப்பறை கட்ட எவ்வளவு என்பதோடு, மலக்கசடு எடுக்கவும் சுத்திகரிக்கவும் எவ்வளவு, எந்தெந்தக் குடியிருப்புகளுக்கு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.