பல்மைராவின் தூண்கள் யார் காசில் எழுந்தன?

சிரியப் பாலைவனத்துப் பல்மைராவைப் பற்றி யார் எழுதினாலும் 'அழகிய ரோமானிய நகரம்' என்றே ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் தூண் வரிசையைப் பாருங்கள். பல தூண்களின் நடுவே ஒரு சிறிய தாங்கு கல் துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் ஊர்ப் பெரியவர்களின் சிலைகள் நின்றன. ஒட்டக வணிகக் கூட்டங்களைப் பத்திரமாகக் கூட்டி வந்தவர்களுக்கு வியாபாரிகளே நன்றி சொல்லிச் சிலை வைத்த ஊர் அது. பாரசீக வளைகுடா வரை போய் இந்தியச் சரக்கையும் சீனப் பட்டுத்துணியையும் கொண்டுவந்து சேர்த்த காசுதான் அங்கே கல்லாக நிற்கிறது.

அப்படியானால் ரோம் என்ன செய்தது? கணக்கை மாற்றியது. கி.பி. 137-இல் ஊர்ச் சபை வெட்டிவைத்த வரிக் கல்வெட்டு இதற்குச் சாட்சி. ஏறத்தாழ 5 மீட்டர் நீளம், கிரேக்கத்திலும் உள்ளூர் அரமேய மொழியிலும் எழுத்து. அதுவரை பல வரிகள் வழக்கப்படியே வசூலாகி, வியாபாரிக்கும் வசூலிப்பவருக்கும் ஓயாத தகராறு. அதனால் ஒட்டகச் சுமை, வாசனைத் தைலம், அடிமை, ஊற்றுத் தண்ணீர், பாலியல் தொழில் செய்த பெண்களின் வருமானம் என்று எல்லாவற்றுக்கும் தொகை குறித்தார்கள். தைலம் பளிங்குக் குப்பியில் வந்தால் ஒரு வரி, ஆட்டுத்தோல் பையில் வந்தால் வேறு வரி! வரியை இத்தாலியக் காசில்தான் கணக்கிட வேண்டும் என்ற ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸின் உத்தரவும் அதிலேயே வருகிறது. இதெல்லாம் ஊருக்குச் சேர்ந்த வரி. எல்லையில் பேரரசு வாங்கிய சுங்கம் தனி, சரக்கு மதிப்பில் நான்கில் ஒரு பங்கு. 1881-இல் கண்டெடுத்த அந்தக் கல் இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, வரியோடு நின்றிருந்தால்கூட ஊர் பிழைத்திருக்கும். பாரசீகப் படையை விரட்டி ரோமுக்குக் கிழக்கைக் காப்பாற்றிக் கொடுத்தவர் பல்மைராவை ஆண்ட ஒடேநாத்தஸ். அவர் கொலையான பிறகு மனைவி செனோபியா ரோமின் கையிலிருந்த எகிப்து வரை பிடித்தார். 272-இல் ரோமானியப் பேரரசர் அவுரேலியன் வந்து ஊரைப் பணியவைத்தார். மறுபடி கலகம் மூண்டதும் 273-இல் சூறையாடினார்.

என்னை அதிகம் உறுத்துவது அந்தச் சூறையாடல்கூட இல்லை, அதற்கப்புறம் நடந்தது. பேரரசர் டயோக்ளீசியன் காலத்தில் நகரின் மேற்குப் பகுதியில் ஒரு படைமுகாம் எழுந்தது. புதிய மதிலுக்குக் கொத்தளம் வேண்டுமென்று ஊராரின் கல்லறைகளையே அதில் சேர்த்துக் கட்டினார்கள். பாரசீகத்தை ஆண்ட சாசானியர் வளைகுடாவைப் பிடித்ததில் வியாபாரம் முன்பே தளர்ந்திருந்தது, உண்மைதான். ஆனால் சந்தையாக இருந்த ஊரை எல்லைக் காவல் முகாமாக்கியது ரோம்தான். உள்ளூர் எழுத்தில் கல்வெட்டு வெட்டும் பழக்கம் அத்தோடு ஏறக்குறைய நின்றே போனது.

இருபதாம் நூற்றாண்டில் சிரியாவில் இருந்த பிரெஞ்சு ஆட்சியும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. பெல் என்ற பழைய தெய்வத்தின் கோயில் வளாகத்துக்குள் தலைமுறைகளாகக் குடியிருந்த மக்களை 1930-ஐ ஒட்டி வெளியேற்றிப் பக்கத்துப் புது ஊருக்கு அனுப்பிவிட்டு, வீடுகளை இடித்தது. தொல்லியலுக்காக என்றார்கள். 2015-இல் ஐஎஸ் அமைப்பு அந்தக் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தபோது உலகமே அழுதது, நானும்தான். மறுபடி கட்டுவது பற்றி இப்போது பேசுகிறவர்கள், இடிக்கப்பட்ட அந்த வீடுகளையும் பல்மைராவின் வரலாற்றில் சேர்த்தே பேச வேண்டும்.